பேப்பர் இருக்கா அண்ணே? – சிங்கப்பூர்ல காருக்கு மாடிஃபை பண்ணப் போறவங்களுக்கு

சிங்கப்பூர்ல கார்ல ஒரு ஸ்டிக்கர் ஒட்டினாக்கூட நிலப் போக்குவரத்து ஆணையம், அதான் எல்டிஏ, பிடிச்சிரும், எதுக்கு வம்புன்னு ஒரு கூட்டம் சொல்லுது. எல்லாரும்தான் பண்றாங்க, இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் கழட்டி வெச்சுட்டு அப்புறம் மாட்டிக்கிட்டா போச்சுன்னு இன்னொரு கூட்டம் சொல்லுது. தேக்கா கோப்பிக் கடையில உக்காந்தாலும் சரி, கல்யாண வீட்டு கார்பார்க்ல நின்னாலும் சரி, கார் பேச்சு வந்தா இந்த ரெண்டு கட்சிதான். ரெண்டுமே தப்புங்கிறது என் கருத்து. முதல் கட்சிய நம்பினா அனுமதி இருக்குற விஷயத்தக்கூட பயந்துக்கிட்டு செய்யாம விட்டுருவீங்க, ரெண்டாவது கட்சிய நம்பினா ஒரு நாள் ரோட்டோரத்துல நிறுத்தி பானெட்ட தொறக்கச் சொல்லும்போது வாயடைச்சு நிப்பீங்க.

இத உக்காந்து எழுதுறதுக்கு காரணம், நம்ம தமிழ்ப் பசங்க நிறைய பேரு இப்ப கார் மேல ஆசையா இருக்காங்க, அது நல்ல ஆசை, நான் குறை சொல்ல மாட்டேன். இந்த ஊர்ல கார் வாங்குறது என்ன சாதாரண காரியமா? 2023 அக்டோபர்ல பெரிய கார்களுக்கான பி பிரிவு சிஓஇ, அதாவது கார் வெச்சுக்க ஏலத்துல எடுக்குற உரிமம், அது மட்டும் 150,001 வெள்ளிக்குப் போச்சு, கார் விலை அதுக்கு மேல தனி. அவ்வளவு காச கொட்டி பத்து வருஷத்துக்கு ஒரு உரிமம் வாங்குறவன், அந்த கார கொஞ்சம் தன் இஷ்டத்துக்கு அழகு பண்ணிக்கணும்னு நெனைக்கிறதுல என்ன தப்பு? ஆனா அவங்க சட்டத்த கத்துக்கிற இடம் பெரும்பாலும் பார்ட்ஸ் விக்கிற கடையும் டிக்டாக் வீடியோவுமா இருக்கு, அதுதான் எனக்கு கவலை.

அடிப்படை இவ்வளவுதான். எல்டிஏ மாடிஃபிகேஷன மூணா பிரிச்சு வெச்சிருக்கு. அனுமதி கேக்காமலே செய்யலாம்னு ஒரு வகை, அனுமதி வாங்கிட்டுதான் செய்யணும்னு ஒரு வகை, எப்படிக் கேட்டாலும் கெடையாதுன்னு ஒரு வகை. ரிம், சவுண்ட் சிஸ்டம், பாடிகிட், ஸ்பாய்லர், கண்ணாடியில வெயிலுக்கு ஒட்டுற சோலார் ஃபிலிம் இதெல்லாம் முதல் வகை, கேக்க வேண்டியதில்ல. ஆனா கேக்க வேண்டியதில்லன்னா என்ன வேணாலும் பண்ணலாம்னு அர்த்தம் இல்ல, இங்கதான் நிறைய பேரு கோட்டை விடுறாங்க. ரிம் மாத்தலாம், ஆனா டயரு மட்கார்ட தாண்டி வெளிய பிதுங்கிக்கிட்டு நிக்கக் கூடாது. ஸ்க்ரீன் போடலாம், ஆனா ஓட்டுறவர் கண்ணுக்குத் தெரியுற மாதிரி ஓடுற கார்ல படம் ஓடக் கூடாது. ஃபிலிம் ஒட்டலாம், ஆனா அளவு இருக்கு, அத கீழ சொல்றேன். இஞ்சின், கியர்பாக்ஸ், எக்ஸாஸ்ட்ங்கிற புகைக்குழாய், டர்போ, சீட்டு எண்ணிக்கை இதெல்லாம் ரெண்டாவது வகை. காரோட அடிச்சட்டமான சேஸிய வெட்டி ஒட்டுறது, வேகத்துக்காக இஞ்சினுக்குள்ள ஏத்துற நைட்ரஸ் வாயு, கலர் கலரா மின்னுற அலங்கார லைட், பின்னாடி லைட்டுக்கு மேல கறுப்பு ஃபிலிம் ஒட்டி இருட்டாக்குறது, இதெல்லாம் மூணாவது வகை, பேச்சே இல்ல.

மீறினா என்ன? ரோட் டிராஃபிக் சட்டப்படி முதல் தடவை 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்ல 3 மாசம் வரைக்கும் சிறை. திரும்பவும் மாட்டினா 10,000 வெள்ளி, 6 மாசம். ஓட்டுறவர் மட்டுமில்ல, மாத்திக் கொடுத்த கடைக்காரரும் பொறுப்புதான், இத நிறைய பேரு கவனிக்கிறதே இல்ல.

சரி, எக்ஸாஸ்ட். முதல்ல இதத்தான் எல்லாரும் மாத்துறாங்க, நானும் முதல்ல இதத்தான் பேசணும். காக்கி புக்கிட், உபி பக்கம் எந்த வொர்க்‌ஷாப்புக்குப் போனாலும் சுவத்துல நீலமா ஊதாவா வெந்த நிறத்துல டைட்டானியம் பைப்பு தொங்கும், பாக்கவே அழகா இருக்கும், ஒத்துக்கிறேன். ஆனா சட்டப்படி அந்த சிஸ்டத்த உங்க மாடல் கார்ல போட்டா புகையும் சத்தமும் அளவுக்குள்ள இருக்குன்னு காட்டுற டெஸ்ட் ரிப்போர்ட் வேணும், எல்டிஏ அனுமதி வேணும். ஒரு கடையில டப்பாவ திருப்பிப் பாத்தேன், அடியில பொடி எழுத்துல, ரேஸ் டிராக்குல ஓட்ட மட்டும், பொது சாலைக்கு இல்லன்னு தயாரிச்சவனே போட்டிருக்கான். இப்ப நான் கேக்குறேன், சிங்கப்பூர்ல நிரந்தரமா ஒரு ரேஸ் டிராக் எங்க இருக்கு? மரினா பேல 2008லேர்ந்து எஃப் ஒன் நடக்குது, அது அந்த வாரத்துக்கு மட்டும் வேலி போட்டு அடைச்ச பொது ரோடு. சரியான டிராக் வேணும்னா செப்பாங் போகணும், மலேசியாவுக்குள்ள கோலாலம்பூர் கிட்ட வரைக்கும். அங்க போறதுக்கும் வீட்டு கார்பார்க்லேர்ந்து உட்லண்ட்ஸ் வரைக்கும், இல்ல துவாஸ் வரைக்கும், நம்ம ரோட்டுலதான் ஓட்டிக்கிட்டுப் போகணும். அப்ப அந்தப் பொடி எழுத்துப் படி இந்த ஊர்ல அந்தப் பைப்ப மாட்டி ஓட்ட இடமே இல்ல. இது தெரிஞ்சே விக்கிறாங்க, வாங்குறவன்கிட்ட சொல்றதில்ல.

சத்தத்தப் பத்தி ஒரு விஷயம். டெசிபல் கணக்கு நேர்க்கணக்கு இல்ல. 3 டெசிபல் கூடினா சத்தத்தோட சக்தி ரெண்டு மடங்கு ஆகுது, 10 டெசிபல் கூடினா காதுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு சத்தமா கேக்கும். அதனால கொஞ்சம்தான் ஜாஸ்தின்னு கடைக்காரர் சொல்ற அந்தக் கொஞ்சம், விடியக்காலை அஞ்சு மணிக்கு மல்டி ஸ்டோரி கார்பார்க்ல ஆறிக் கெடந்த இஞ்சின ஸ்டார்ட் பண்ணும்போது எதிர் பிளாக்ல பத்தாவது மாடி வரைக்கும் போய் இடிக்கும். ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வந்து அப்பதான் கண்ண மூடின நர்ஸ் இருப்பாங்க, கைக்குழந்தைய தூங்க வெச்சுட்டு இப்பதான் எந்திரிச்ச தாய் இருப்பாங்க. எச்டிபி அடுக்குமாடி வீட்டுல ஒருத்தர் சத்தம் நூறு வீட்டுக்குச் சொந்தம். இதுல ரிமோட்ல தொறந்து மூடுற வால்வு வெச்ச எக்ஸாஸ்ட் வேற வருது, டெஸ்ட்ல மூடி வெச்சுக்கலாம் பிரதர், ராத்திரி எக்ஸ்பிரஸ்வேல தொறந்துக்கலாம்னு சொல்லி விக்கிறாங்க. அப்படி விக்கிறவர்கிட்ட வேற எதையும் வாங்காதீங்கன்னுதான் நான் சொல்லுவேன், ஏன்னா அவருக்கு உங்க மேல அக்கறை இல்ல.

புகைய சுத்தம் பண்ற பெட்டி, அதான் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், அத கழட்டிட்டு வெறும் பைப்பு போடுறவங்களும் இருக்காங்க. 2017 செப்டம்பர்லேர்ந்து இங்க புதுசா பதிவாகுற பெட்ரோல் கார் யூரோ 6ங்கிற புகைத் தரத்துல இருக்கணும். அந்தத் தரத்த காப்பாத்துற வேலையில பெரும்பங்கு அந்தப் பெட்டிக்குள்ள இருக்குற பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசின தேன்கூடு மாதிரி ஓட்டைகளோடது. அத எடுத்துட்டா பத்து குதிரை சக்தி கூடுச்சுன்னு சந்தோஷப்படலாம், பின்னாடி வர்ற மோட்டார்சைக்கிள்காரன் நெஞ்சுலதான் அந்தக் கணக்கு போய்ச் சேரும்.

அடுத்தது ஃபிலிம். வெயில் ஊரு, ஃபிலிம் இல்லாம முடியாது, அதனால எல்டிஏவும் அனுமதி கேக்கச் சொல்லல. அளவு மட்டும்தான் வெச்சிருக்கு: முன் கண்ணாடியும் முன் பக்கத்து ரெண்டு ஜன்னலும் 70 சதவீதம் வெளிச்சத்த உள்ள விடணும், பின் பக்க ஜன்னலும் பின் கண்ணாடியும் 25 சதவீதம். இதுல ஒரு கணக்கு ஒளிஞ்சிருக்கு, அது தெரியாமதான் பல பேரு ஃபெயில் ஆகுறாங்க. அளவு ஃபிலிமுக்கு இல்ல, கண்ணாடியும் ஃபிலிமும் சேந்ததுக்கு. ஃபேக்டரியிலேர்ந்து வர்ற கண்ணாடியே லேசா பச்சை கலந்திருக்கும், அதுவே கொஞ்சம் வெளிச்சத்த சாப்பிட்டுரும். உதாரணத்துக்கு கண்ணாடி 80 சதவீதம் விடுதுன்னு வைங்க, நீங்க 85 சதவீத ஃபிலிம் ஒட்டினா 85 வருமா? வராது, 80ல 85 சதவீதம், அதாவது 68தான் வரும். ஃபிலிம் டப்பாவுல 85ன்னு இருக்கு, கடைக்காரர் பொய் சொல்லல, ஆனா உங்க கார் ஃபெயிலு. அதனால ஒட்டி முடிச்சதும் மீட்டர வெச்சு அளந்து காட்டச் சொல்லுங்க, நல்ல கடையில கையடக்கமா ஒரு மீட்டர் இருக்கும், கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு துண்டா ஒட்டிக்கும், நம்பர் பளிச்சுன்னு தெரியும். மீட்டர் இல்லன்னு சொல்ற கடையில ஃபிலிம் ஒட்டாதீங்க.

அப்புறம் ஜேபி, அதான் பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவுல இருக்குற ஜோகூர் பாரு. நம்மாளுங்க பாதிப் பேரு பெட்ரோல் போட, சலூனுக்கு, மளிகைக்குன்னு போற ஊரு, கூலி கம்மி, அங்கயே ஃபிலிமையும் ஒட்டிக்கிட்டு வந்துடுறாங்க. மலேசியாவுல சட்டம் வேற. 2019 மே மாசம் அவங்க விதிய தளர்த்தினாங்க, முன் கண்ணாடிக்கு நம்ம மாதிரியே 70, ஆனா முன் பக்க ஜன்னலுக்கு 50 போதும், பின்னாடி எவ்வளவு இருட்டா வேணாலும் ஒட்டிக்கலாம். ஜேபி கடைக்காரர் அந்த ஊர் சட்டப்படி சுத்தமா ஒட்டிக் கொடுப்பாரு, அவர் மேல தப்பே இல்ல. பாலத்தத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததும் அதே கண்ணாடி சட்டவிரோதம். சிங்கப்பூர் நம்பர் பிளேட் காருக்குன்னு ஒட்டும்போதே சொல்லிருங்க, 70ம் 25ம் வேணும்னு சொல்லுங்க.

எதுக்கு இந்த 70ன்னு கேட்டா, ஜீப்ரா கிராசிங்ல நிக்கிற பாட்டி, கார் நிக்கப் போகுதா இல்லையான்னு முதல்ல பாக்குறது டிரைவரோட முகத்த. ஓட்டுறவர் தன்னப் பாத்துட்டாருன்னு தெரிஞ்சாதான் கால எடுத்து வைப்பாங்க. ஜன்னல் இருட்டா இருந்தா அந்தப் பேச்சுவார்த்தையே நடக்காது. அதோட டிசம்பர்ல ராத்திரி கொட்டுற மழையில இருட்டு ஜன்னல் வழியா பக்கத்துல வர்ற சைக்கிள தேடிப் பாருங்க, தெரியும் கஷ்டம்.

லைட்டு. ஹாலோஜன் ஹெட்லைட்டுல உள்ள பல்ப மட்டும் கழட்டிட்டு ஆன்லைன்ல வாங்கின எல்ஈடி பல்ப சொருகுறது இப்ப சர்வ சாதாரணமா நடக்குது. ஹாலோஜன் பல்புல ஒரு சின்ன கம்பி எரியுது, அந்தக் கம்பி சரியா எந்த இடத்துல இருக்கும்னு கணக்குப் பண்ணிதான் பின்னாடி இருக்குற கிண்ணக் கண்ணாடிய வளைச்சு செஞ்சிருக்காங்க. எல்ஈடில வெளிச்சம் கெளம்புற இடமும் வடிவமும் வேற. கொஞ்சூண்டு நகந்தாலே போதும், ரோட்டுல விழ வேண்டிய வெளிச்சம் எதிர்ல வர்றவர் கண்ணுக்குப் போகும். உள்ள உக்காந்திருக்குறவருக்கு வெள்ளையா பளீர்னு தெரியும், ஆஹா எவ்வளவு பிரகாசம்னு நெனைப்பாரு. எதிர்ல பிஐஈ எக்ஸ்பிரஸ்வேல மழையில மோட்டார்சைக்கிள்ல வர்ற டெலிவரி தம்பிக்கு ஹெல்மெட் கண்ணாடி பூரா வெள்ளையா பரவி லேன் கோடே தெரியாமப் போயிரும். ஹெட்லைட் டெக்னாலஜிய மாத்துறது பல்பு மாத்துற கணக்குல வராது, கேக்காம கை வைக்காதீங்க. வலது பக்கம் ஓட்டுற நாட்டுக்காரனோட ஹெட்லைட்ட ஆன்லைன்ல மலிவா கெடைக்குதேன்னு வாங்குறவங்களும் உண்டு. அந்த லைட்டோட வெளிச்சம் அவங்க ஊர் ரோட்டு ஓரத்துக்கு, அதாவது வலப்பக்கமா மேல தூக்கி அடிக்கும், நம்ம ஊர்ல அந்தப் பக்கம்தான் எதிர் வண்டி வருது.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். புது கார் வாங்கி மாத்துறவங்கள விட, ஏற்கனவே மாத்தின பழைய கார வாங்குறவங்கதான் அதிகமா சிக்குறாங்க. போன வருஷம் அக்கா மகன் ஒரு ஹேட்ச்பேக் பாத்திருக்கேன், மாமா நீங்க வந்து ஒரு பார்வை பாருங்கன்னு கூப்பிட்டான். சிஓஇ இன்னும் நாலு வருஷம் இருக்கு, விலை தோதா இருக்கு, வெளிய பளபளன்னு நிக்குது. விக்கிற ஆளு நல்லாதான் பேசினாரு, எல்லாம் சுத்தம் பாஸ், போன இன்ஸ்பெக்‌ஷன் பாஸ்னாரு. நான் என்னோட பழைய மெக்கானிக்க கூட்டிக்கிட்டுப் போனேன், ஜேபிலேர்ந்து தினமும் பாலம் தாண்டி வந்து வேலை பாக்குற அண்ணன், முப்பது வருஷ அனுபவம், கார தொட்டுப் பாக்குறதுக்கு முன்னாடி சுத்தி ஒரு தடவை நடப்பாரு, ஒண்ணும் பேச மாட்டாரு.

அன்னைக்கும் அப்படித்தான் நடந்தாரு. பின்னாடி லைட்டு கிட்ட குத்துக்கால் போட்டு உக்காந்து ஃபோன் டார்ச்ச சாய்ச்சு அடிச்சாரு. தம்பி, இங்க பாருன்னு அக்கா மகனக் கூப்பிட்டாரு. ஒரிஜினல் லைட்டோட பிளாஸ்டிக்லயே ஒரு சின்ன வட்டம் அச்சு பதிஞ்சிருக்கும், வட்டத்துக்குள்ள இங்கிலீஷ் ஈ எழுத்து, பக்கத்துல ஒரு நம்பர். அது ஐநா வாகன விதிப்படி அங்கீகாரம் கெடைச்ச பார்ட்டுங்கிற அடையாளம், நம்பர் எந்த நாடு அங்கீகாரம் கொடுத்துச்சுன்னு சொல்லும்: 1 ஜெர்மனி, 2 ஃபிரான்ஸ், 4 நெதர்லாந்து, 11 பிரிட்டன், 43 ஜப்பான். டயர் பக்கவாட்டுலயும் கண்ணாடி மூலையிலயும்கூட இத பாக்கலாம். அந்தக் காரோட இடது லைட்டுல வட்டம் இருந்துச்சு, வலது லைட்டுல இல்ல. அப்ப ஒரு பக்கம் அடி வாங்கி எதையோ மலிவா மாட்டியிருக்காங்க. அத்தோட ரெண்டு லைட்டு மேலயும் புகை கலர்ல ஒரு படலம், நகத்தால ஓரத்துல சுரண்டினா தோலு மாதிரி உரிஞ்சு வந்துச்சு. பிரேக் லைட்டு செவப்பா தெளிவா எரியணும், அதுக்கு மேல புகை போத்தினா பின்னாடி வர்றவருக்கு பிரேக் பிடிச்சது தாமதமாத் தெரியும்.

அப்புறம் கீழ படுத்துப் பாத்தாரு. சைலன்சர் பெட்டிய காரோட பைப்புல சேக்குற இடத்துல வெல்டிங் புதுசா, இன்னும் மினுமினுன்னு இருந்துச்சு, மிச்ச பைப்பெல்லாம் வருஷக்கணக்கா ஓடின காவி நெறம். பெட்டியில தயாரிப்பாளர் பேரு இருக்கு, அங்கீகார முத்திரை எதுவும் இல்ல. அண்ணே எழுந்து கைய துடைச்சுக்கிட்டே விக்கிறவர்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு, பேப்பர் இருக்கான்னு. எல்டிஏ அனுமதி லெட்டர் இருக்கான்னு. அந்த ஆளு, பழைய ஓனர் போட்டது, இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆயிருச்சேன்னு அதையே திரும்பச் சொன்னாரு.

இந்தப் பதில்தான் ஆபத்து. மூணு வயசு வரைக்கும் காருக்கு இன்ஸ்பெக்‌ஷன் கெடையாது, மூணுலேர்ந்து பத்து வயசு வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, பத்து தாண்டினா வருஷா வருஷம். விக்காம் மாதிரி அங்கீகாரம் பெற்ற சென்டர்ல பாஸ் பண்ணாதான் ரோட் டாக்ஸ் புதுப்பிக்க முடியும். பாஸ்னா அன்னைக்கு அந்த நேரம் அந்தக் கார் அளவுக்குள்ள இருந்துச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். மறுநாளே பைப்ப மாத்தி மாட்டலாம், அடுத்த ரெண்டு வருஷம் யாரும் அடியில பாக்க மாட்டாங்க, ஆனா எல்டிஏவும் டிராஃபிக் போலீஸும் ரோட்டுல எப்ப வேணாலும் நிறுத்திப் பாக்கலாம். அப்ப பழைய ஓனர் மாட்டினதுன்னு சொன்னா எடுபடாது, ஓட்டிக்கிட்டு இருக்குறது நீங்க. அக்கா மகனுக்கு அது அப்பதான் ஒறைச்சுது. பழைய ஓனர் யாருன்னுகூட எனக்குத் தெரியாதே மாமான்னான்.

வேண்டாம்னு சொல்லிட்டு வந்துருக்கலாம், ஆனா கார் இஞ்சின் நல்லா இருந்துச்சு, பையனுக்கும் பிடிச்சிருந்துச்சு. அதனால எழுத்துல கேட்டோம்: ஸ்டாக் எக்ஸாஸ்ட், அதாவது கார் கம்பெனியோட ஒரிஜினல், மாட்டிக் கொடுக்கணும், ரெண்டு பின் லைட்டும் ஒரிஜினல் போடணும், ஃபிலிம மீட்டர்ல அளந்து காட்டணும், எல்லாம் முடிஞ்சு எங்க கண்ணு முன்னாடி இன்ஸ்பெக்‌ஷன் சென்டர்ல ஒரு தடவை காட்டணும், அதுக்கப்புறம்தான் மீதிப் பணம். விக்கிறவர் மூஞ்சிய சுளிச்சாரு, ஆனா ஒத்துக்கிட்டாரு. விற்பனை ஒப்பந்தத்துலயே ஒரு வரி எழுதி கையெழுத்து வாங்கினோம். பழைய கார் பாக்கப் போற யாரா இருந்தாலும் இத செய்யுங்க, கேக்க வெக்கப்பட வேண்டியதே இல்ல, அத்தனை ஆயிரம் வெள்ளி கொடுக்குறது நீங்க.

ரிம்மு, சஸ்பென்ஷன் பத்தி சுருக்கமா. பெரிய ரிம் போடும்போது டயர் பக்கவாட்டுல அளவுக்கு அடுத்து இருக்குற எடை நம்பரப் (லோட் இண்டெக்ஸ்) பாருங்க, 91னு இருந்தா அந்த ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 88னா 560 கிலோ. ஒரிஜினல் டயர விட கம்மியான நம்பர் போடாதீங்க, குடும்பத்தோட அஞ்சு பேரு, டிக்கி நெறைய சாமான், ஜேபிலேர்ந்து திரும்பி வர்ற வெயிலு, அந்த எடை அத்தனையும் அந்த ரப்பர் மேலதான். ஸ்பிரிங்க வெட்டி கார தாழ்த்துறத யாரு சொன்னாலும் செய்யாதீங்க, வெட்டின ஸ்பிரிங் அதோட இருக்கைல சரியா உக்காராது. தாழ்த்தணும்னா அதுக்குன்னு செஞ்ச ஸ்பிரிங் செட் இருக்கு.

சக்தி கூட்டுறது, அதாவது இஞ்சின் கம்ப்யூட்டரோட செட்டிங்க மாத்துற ஈசியு டியூனிங், இதுக்கு இந்த ஊர்ல தனிக் கவர்ச்சி உண்டு. 2014 பிப்ரவரிலேர்ந்து சின்ன கார்களுக்கான ஏ பிரிவு சிஓஇக்கு 1,600 சிசி மட்டுமில்லாம 97 கிலோவாட் வரம்பும் வந்துச்சு, மின்சாரக் காருக்கு 2022 மேலேர்ந்து 110 கிலோவாட். அந்த வரம்புக்குள்ள நுழையுறதுக்காக சில மாடல்கள கம்பெனிக்காரங்களே சக்திய கொறைச்சு இங்க கொண்டு வர்றாங்க, அதே இஞ்சின் வேற நாட்டுல கூடுதல் சக்தியோட ஓடுது. உடனே நம்ம பசங்க, உள்ள பூட்டி வெச்சிருக்குறத தொறந்து விடுறதுதானே, அதுல என்ன தப்புன்னு கேக்குறாங்க. காகிதத்துல 97னு பதிஞ்ச கார் 130 கிலோவாட்ல ஓடினா, வாரண்ட்டி கொடுத்தவனும் இன்ஷூரன்ஸ்காரனும் உங்கள யாருன்னே தெரியாதுன்னு கைய விரிச்சுருவாங்க. மின்சாரக் காருக்கு ரோட் டாக்ஸே சக்திய வெச்சுதான்.

இன்ஷூரன்ஸ சொன்னதால இதையும் சொல்லிருறேன். எல்டிஏ அனுமதி கேக்க வேண்டியதில்லாத மாற்றமா இருந்தாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு ஈமெயில் போட்டு பதில் வாங்கி வைங்க. ரெண்டும் தனித்தனி. ரிம் மாத்தினத எல்டிஏ கேக்காது, ஆனா கிளெய்ம் போடும்போது சர்வேயர் வந்து பாத்து, இது எங்ககிட்ட சொல்லாத பார்ட்டுன்னு எழுதினா, ரிப்பேர் காசு உங்க பாக்கெட்லேர்ந்துதான். என் நண்பர் ஒருத்தருக்கு பாடிகிட் போட்ட பம்பருக்கு அப்படித்தான் கைய விரிச்சுட்டாங்க, பம்பர் மட்டும் இல்ல, மொத்த கிளெய்மும் மாசக்கணக்கா இழுத்துச்சு.

மாடிஃபிகேஷன்னாலே சட்டம் தடுக்குறதுன்னு நெனைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. தினமும் காலையில எக்ஸ்பிரஸ்வேல லாரி பின்னாடி உக்காந்து போற நம்ம ஊர்த் தொழிலாளிங்கள பாக்குறோமே, அந்த லாரிக்கு மழை மறைப்பு போடணும்னு 2023 ஜனவரி 1லேர்ந்து கட்டாயமாச்சு. அதுவும் வண்டியில செய்ற மாத்தம்தான், சட்டம் கேட்டு வாங்கின மாத்தம். லாரில ஆள ஏத்திட்டுப் போறதே நிக்கணும்னு நெனைக்கிறவன் நான், ஆனா அது வரைக்கும் நனையாம போகட்டும்னு ஒரு விதி வந்துச்சே, அத மதிக்கிறேன். அதே கண்ணோட நம்ம காருக்கு இருக்குற விதியையும் பாருங்க, ஒவ்வொண்ணுலயும் ரோட்டுல போற இன்னொரு ஆளு இருப்பாரு.

கடைசியா வொர்க்‌ஷாப்காரங்களுக்கும் அவங்ககிட்ட போறவங்களுக்கும். நல்ல கடைங்க நிறைய இருக்கு, அனுமதிக்கு எல்லா பேப்பரையும் அவங்களே தயார் பண்ணி, இன்ஸ்பெக்‌ஷன் வரைக்கும் கூட வர்ற கடைங்க இருக்கு, விலை கொஞ்சம் கூட இருக்கும், கொடுக்கலாம். ஆனா ரசீதுல வெறும் எக்ஸாஸ்ட் 1 செட், கூலின்னு ரெண்டு வரியோட முடிக்கிற கடைங்கதான் ஜாஸ்தி. என் ஆசை, பார்ட்டோட பேரு, மாடல் நம்பர், அனுமதி வேணுமா வேண்டாமா, வாங்கியாச்சா இல்லையா, இந்த நாலும் ரசீதுல இருக்கணும். இப்போதைக்கு நாமளே கேட்டு எழுதி வாங்கலாம். எழுத மாட்டேன்னு கடைக்காரர் சொன்னா அதுவே பதில், சாவிய வாங்கிக்கிட்டு அடுத்த கடைக்குப் போங்க. எழுதிக் கொடுத்தா அந்த ரசீது, அனுமதி லெட்டர், இன்ஷூரன்ஸ் ஈமெயில் மூணையும் ஒரு ஃபைல்ல போட்டு வைங்க, ஒரு காப்பி ஃபோன்ல இருக்கட்டும், ரோட்டுல நிறுத்தினா காட்டலாம். கழட்டின ஸ்டாக் பார்ட்ட மட்டும் கடையிலயே விட்டுட்டு வராதீங்க, பழைய இரும்பு விலைக்கு எடுத்துக்கிறேன்னு கேப்பாங்க, கொடுக்காதீங்க. ஸ்டோர் ரூம்ல எடம் இல்லன்னு வீட்டுல சத்தம் போட்டாலும் பரவாயில்ல, துணியில சுத்தி கட்டிலுக்கு அடியில தள்ளி வைங்க, விக்கும்போது வாங்க வர்றவரு முதல்ல கேக்கப் போறது அதத்தான்.